சொட்டு மருந்து

வீட்டைப் பாகம் பிரித்ததிலிருந்து மாடியில் இருக்கும் அண்ணன் சங்கரலிங்கமும் கீழே இருக்கும் தம்பி நெல்லையப்பனும் பேசிக்கொள்வதில்லை. பூனை மட்டும் எந்தப் பங்கிலும் வரவில்லை. அது இரண்டு வீட்டிலும் சாப்பிட்டது. ஒருநாள் அதன் இடது கண் சீழ் கட்டி மூடிக்கொண்டது. நெல்லையப்பன் அதைக் கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனான். கவனிக்காமல் விட்டால் பார்வை போய்விடும் என்று சொல்லி அந்த அம்மாள் சொட்டு மருந்து கொடுத்தார்.

"ஒருத்தர் பிடிச்சாத்தான் இன்னொருத்தர் விட முடியும். வீட்ல யாரு இருக்கா?"

அவன் மருந்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு கூடையைத் தூக்கினான்.

மாலையில் தனியாக முயன்று பார்த்தான். மருந்து தரையில் சிந்தியது, கையெல்லாம் கீறல். கடைசியில் பூனையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினான். சங்கரலிங்கம் அவனைப் பார்த்தார், பூனையின் கண்ணைப் பார்த்தார். பூனையைக் கழுத்துவரை ஒரு துண்டால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"மெதுவா விடு. பயப்படுது பாரு."

அதன்பிறகு காலையும் மாலையும் அப்படியே நடந்தது. பேச்சு மருந்தைத் தாண்டவில்லை.

கண் தெளிந்துவிட்டது, இனி மருந்து வேண்டாம் என்று மருத்துவர் சொன்ன அன்று, நெல்லையப்பன் அதைப் படியில் நின்றபடியே அண்ணனிடம் சொல்லிவிட்டு இறங்கிவிட்டான். மறுநாள் மாலை யாரோ கீழ்வீட்டுக் கதவைத் தட்டினார்கள். சங்கரலிங்கம் பூனையை அணைத்துக்கொண்டு நின்றார்.

"மறுபடியும் கண்ணாண்ணே?"

"கண்ணுக்கு ஒண்ணுமில்ல. நகம் வளந்து கெடக்கு. ஒத்த ஆளா வெட்ட முடியுமாலே?" என்றபடி உள்ளே வந்து உட்கார்ந்தார்.