அலமாரிக்குள் ஒரு அவரைச்செடி

"இருட்டு அலமாரியில வச்ச செடி எல்லாருக்கும் வெளுத்திருக்கு. உன்னுது மட்டும் பச்சையா இருக்கே! பரிசோதனை தப்பாப் போச்சேம்மா."

பள்ளி அறிவியல் கண்காட்சியில் டீச்சர் இப்படிச் சொன்னதும், பக்கத்தில் நின்ற அப்பா தலைகுனிந்தார்.

மகள் அசரவில்லை. "தப்பில்ல டீச்சர். வெளிச்சம் படாம இலை இவ்வளவு பச்சையா இருக்காது. நான் ஸ்கூலுக்கு வந்ததும் யாரோ தினமும் இதை வெயில்ல வச்சிருக்காங்க. பகல்ல வீட்டுல இருக்கறது நைட் ஷிப்ட் பார்க்கிற அப்பா மட்டும்தான்."

இலைக்குப் பதிலாக அப்பாவின் முகம் வெளுத்தது.

"இருட்டுல தனியா... பாவமா இருந்துச்சும்மா."

டீச்சர் சிரித்துக்கொண்டே முதல் பரிசு அட்டையை மேஜையில் ஒட்டினார். "காரணத்தையே கண்டுபிடிச்சிட்டியே!"

அதன்பிறகு மேஜைக்கு வந்தவர்களையெல்லாம் அப்பா விடவில்லை.

"இலையைப் பார்த்தே திருடனைப் பிடிச்சிட்டா சார் என் பொண்ணு!"

"திருடன் யாருங்க?"

அப்பா நெஞ்சை நிமிர்த்தினார். "நான்தாங்க!"