வெள்ளைத் தாள் வசனம்

"மஞ்சள் தாள் வந்து மூணு நாளாச்சு மர்லீன். இந்தப் பையன் இன்னும் வெள்ளைத் தாளையே பேசிக்கிட்டிருக்கான்," என்றாள் பெர்னிஸ்.

இயக்குநர் மர்லீன் சாப்பாட்டு நேரம் என்று அறிவித்துவிட்டு, மாடிப்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

டொராண்டோவில் மூடிக் கிடந்த ஒரு பழைய பள்ளிக்கூடத்தில் அந்தத் தொலைக்காட்சித் தொடரை எடுத்துக்கொண்டிருந்தார்கள். எண்பத்தாறாம் வருடத்துப் பிப்ரவரி. நடிப்பவர்கள் எல்லோரும் சுற்று வட்டாரத்தில் படிக்கிற நிஜப் பிள்ளைகள். வசனம் இல்லாத நாளிலும் வந்து, பையை மாட்டிக்கொண்டு பின்னால் நடக்க வேண்டும். எழுதுகிறவர்கள் வசனத்தை மாற்றும்போதெல்லாம் தாளின் நிறமும் மாறும். முதலில் வெள்ளை, பிறகு நீலம், ரோஸ், மஞ்சள். கடைசியாக வந்த நிறத்தைத்தான் பேச வேண்டும். யார் என்ன பேசினார்கள் என்று குறித்துக்கொள்வது பெர்னிஸின் வேலை.

வெள்ளையிலேயே நின்றவன் லோர்ன். பதினாறு வயது. தொடரில் அவன் பெயர் கர்ட். அப்பா விட்டுவிட்டுப் போன, வகுப்பில் நாற்காலியை உதைக்கிற, யாரையும் நம்பாத பையன். கர்ட் சாப்பிட்டானா என்று கேட்டு ஊர் ஊராகத் தாய்மார்கள் கடிதம் போட்டார்கள்.

லோர்னும் ஏறக்குறைய அதே ரகம். சொந்தப் பள்ளியில் இரண்டு முறை வெளியே அனுப்பியிருந்தார்கள். ஆனால் படப்பிடிப்புக்கு ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை. காலையில் எழுந்து போக ஒரு இடம் இருக்கிறதே, அதுவே போதும் என்று மர்லீனிடம் ஒருமுறை சொல்லியிருந்தான்.

அந்த இடத்துக்குத்தான் இப்போது ஆபத்து. இன்னொரு முறை தப்பாகப் பேசினால், கர்ட்டை சட்பரியில் இருக்கிற மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டதாக எழுதிவிடுவோம் என்று தயாரிப்பாளர்கள் சொல்லியிருந்தார்கள். சட்பரி மாமா வீட்டுக்குப் போன யாரும் அந்தத் தொடரில் திரும்பி வந்ததில்லை.

"திமிருங்கிறியா?" என்று கேட்டாள் மர்லீன்.

பெர்னிஸுக்கு வேறு சந்தேகம் இருந்தது. மதியம் ஆனால் லோர்ன் சாப்பாட்டு அறைப் பக்கமே வருவதில்லை. பிள்ளைகளை ஏற்றி வருகிற வேனில் போய் உட்கார்ந்துகொள்கிறான். ஓட்டுநர் ஃபெர்கஸ், முப்பது வருஷம் சுரங்கத்தில் உழைத்துவிட்டு வந்தவர். அதிகம் பேசமாட்டார். போன வாரம் ஒரு டோனட் கடையின் பெயர்ப் பலகையை மாற்றிவிட்டார்கள் என்று திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் பாதி ஊரைச் சுற்றினார். வேனுக்குள் பீர் ஓடுகிறது என்று விளக்குக்காரர்கள் சிரித்தார்கள்.

கேட்டுவிடுவது என்று பெர்னிஸ் வாசலில் லோர்னை மறித்தாள். மஞ்சள் தாளை நீட்டி, முதல் நாலு வரியைப் படித்துக் காட்டச் சொன்னாள்.

அவன் தாளை வாங்கினான். அதைப் பார்க்கவில்லை. வேனைத்தான் பார்த்தான். முகம் சிவந்தது.

"அப்புறம் படிக்கிறேன்," என்றான். நாலாக மடித்துச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு பனியில் ஓடினான்.

பெர்னிஸ் அங்கேயே நின்றாள். வெள்ளைத் தாளை யாரோ வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். அதைக் காதால் பாடம் செய்துவிட்டான். அதற்குப் பிறகு வந்த எதுவும் அவனுக்குள் போகவில்லை. இத்தனை நாளும் தான் திட்டியதெல்லாம் அவள் நினைவுக்கு வந்தது.

திரும்பிப் போய் மர்லீனிடம் மெல்லச் சொன்னாள். "அவனுக்குத் திமிர் இல்ல. படிக்கத் தெரியல."

மர்லீன் எழுந்து அலுவலக அறைக்குப் போனாள். தொலைபேசியை எடுத்தாள். படிக்கத் தெரியாத பிள்ளையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி ஒரு தொடர் எதற்கு என்று தயாரிப்பாளர்களிடம் கேட்டாள். பத்து நிமிஷம் வாக்குவாதம். கடைசியில் அவர்கள் இறங்கி வந்தார்கள். கர்ட் சட்பரிக்குப் போகவில்லை.

"நீயே போய்ச் சொல்லு. யார் காதுலயும் விழாம," என்றாள் மர்லீன்.

பெர்னிஸ் கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடந்தாள். தினமும் மதியம் தானே அவனுக்கு வாசித்துக் காட்டுவதாகச் சொல்ல வேண்டும். அவன் கூச்சப்படாதபடி எப்படித் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.

வேன் கண்ணாடியெல்லாம் பனி மூடியிருந்தது. உள்ளே இருந்து அடைத்த குரல் ஒன்று திக்கித் திக்கி வந்தது.

"க... தவை... சா... சாத்திட்டுப்... போ..."

வெள்ளைத் தாள் வசனம். பெர்னிஸுக்குக் கண் கலங்கியது. கதவை மெதுவாக இழுத்தாள்.

லோர்ன் ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் வாய் நிறைய ரொட்டியோடு இருந்தான். மஞ்சள் தாள் அவன் முழங்காலில் விரிந்து கிடந்தது, ஓரமெல்லாம் அவனே எழுதிய பென்சில் குறிப்பு. வெள்ளைத் தாள் இருந்தது ஃபெர்கஸின் மடியில். அவருடைய தடித்த விரல் ஒரு எழுத்தின் அடியில் நின்றிருந்தது.

"மதியமெல்லாம் இவர் இதையே படிக்கிறாரா, காட்சி வந்தா என் வாயிலயும் இதான் வருது," என்றான் லோர்ன். "யார்கிட்டயும் சொல்லாதீங்க பெர்னிஸ். பலகை படிக்கத் தெரியாதவர்னு தெரிஞ்சா வேனைப் பிடுங்கிடுவாங்க."

ஃபெர்கஸ் தொப்பியைக் கழற்றினார்.

"வேன் போனாப் போகட்டும்மா. இவனை மட்டும் சட்பரிக்கு அனுப்பிடாதீங்க," என்றார். "நான் இன்னும் ரெண்டாம் பக்கம்தான் வந்திருக்கேன்."