குதிகால்

தேயிலை எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் ராஜகுமாரி ஒற்றைக்காலோடு உட்கார்ந்திருக்கிறாள். காலையில் குன்னூர் முகாமில் கொடுத்த செயற்கைக்கால், கழற்றிய நிலையில், அவள் கணவன் ராஜரத்தினத்தின் மடியில் கிடக்கிறது. முகாமின் வழவழப்பான தரையில் அவள் தடுமாறாமல் நடந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். நாளை முதல் மறுபடியும் கொழுந்தெடுக்கப் போகவேண்டும். ஈரச் சரிவில் பூட்ஸ் இல்லாத எவரையும் சூப்பர்வைசர் இறங்கவிடமாட்டார். கணுக்காலில் மடங்காத புதுப் பாதமோ பூட்ஸின் பாதிவழியில் முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. மூடுபனி தேயிலைச் செடிகளை வரிசை வரிசையாக விழுங்கியபடி மேலேறி வருகிறது.

"பூட்ஸ கிழிச்சு விட்டுருங்க."

"கிழிச்சா அட்டை ஏறாதா புள்ள?"

"ஏறட்டுமே. அந்தக் கால்ல கடிச்சா அதுக்குத்தான் பல்லு போகும்."

இருவரும் சிரிக்கிறார்கள். "எஸ்டேட் பூட்ஸ் புள்ள, வெட்டினா வேற தரமாட்டாங்க. இது சும்மா கெடச்சதுதானே" என்றபடி அவன் செடி வெட்டும் கவாத்துக் கத்தியை எடுத்து, விறகு சீவுபவனின் நிதானத்தோடு, செயற்கைக்காலின் ரப்பர்க் குதிகாலில் வைத்து அழுத்துகிறான்.

ராஜகுமாரியின் சிரிப்பு அப்படியே நின்றுபோகிறது. முழங்காலுக்குக் கீழே, ஒன்றுமேயில்லாத வெறுமையிலிருந்து, சுரீரென்று ஒரு வலி ஏறுகிறது. இல்லாத காலை அவள் வெடுக்கென்று உள்ளிழுத்துக்கொள்கிறாள்.

"என் காலுங்க அது."

கத்தி நிற்கிறது. தோல்நிறச் சீவல் ஒன்று அவன் விரலில் ஒட்டியிருக்கிறது. அதை எங்கே போடுவதென்று தெரியாமல் அவன் பார்த்துக்கொண்டேயிருக்கிறான்.