மேடும் பள்ளமும்

"பள்ளம்" என்றார் வெங்கட்ராம்.

ஸ்வர்ணலதா மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

செவ்வாயைச் சுற்றிவரும் விண்கலம் மேலிருந்து எடுத்த படம் லேப்டாப்பில் விரிந்திருந்தது. தரையெங்கும் பிறை பிறையாக மணல்மேடுகள். காற்று வடித்தவை. காலையிலிருந்து ஒவ்வொன்றின் விளிம்பிலும் அவள் சிவப்புக் கோடு வரைந்துகொண்டிருந்தாள்.

இருவருக்கும் ஒரே துறை, நிலவியல்; ஒரே படிப்பு. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் ஒன்று சொன்னால் அவர் வேறொன்று சொல்வார். அண்ணாமலை நகர் கேண்டீனில் டீ ஆறிப்போவதுகூடத் தெரியாமல், ஒரு கூழாங்கல்லுக்காக இருட்டும்வரை வாதாடியிருக்கிறார்கள்.

உள்ளே குக்கர் விசிலடித்தது. அவள் எழுந்து போகவில்லை. லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள்.

"மேடுங்க. நல்லாப் பாருங்க."

அவர் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. படம் எடுத்த நேரத்தில் வெயில் இடப்பக்கம். நிழலும் இடப்பக்கமே கிடக்கிறது. மேடாயிருந்தால் நிழல் எதிர்ப்பக்கமல்லவா விழவேண்டும்?

கண்ணெதிரே மேடுகள் எல்லாம் உள்ளே அமுங்கின. எந்தக் காலத்திலோ அங்கே நின்ற மணல்மேடுகளைச் சுற்றி எரிமலைக் குழம்பு ஓடி இறுகியிருக்கிறது; பிறகு மணலை மட்டும் காற்று வாரிக்கொண்டு போயிருக்கிறது. அதன் அச்சு மட்டும் தரையில் குழிந்து கிடந்தது.

வரைந்ததெல்லாம் தப்பு. அவர் சொன்னதுதான் சரி.

அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"மேடுதான்" என்றாள்.

அவர் நெற்றி சுருங்கியது. அவளுக்கு நன்றாகப் பழகிய அந்தக் கோபம். உதடு ஒருபக்கமாக இழுத்துக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது.

"ப... பள்ளம்."

வாயோரம் வழிந்ததை அவள் முந்தானையால் துடைத்தாள். அசையாமல் கிடந்த அவரது வலக்கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பக்கவாதம் வந்து அவர் விழுந்தது தை மாதத்தில். இப்போது ஆடி. இத்தனை மாதமாய் அவருக்குப் பேச்சே இல்லை; அந்த வீட்டில் அவளை மறுத்துப் பேச ஆளில்லை.

"இல்லீங்க" என்றாள், அவர் வாயையே பார்த்துக்கொண்டு. "மேடு."