அமாவாசைச் சோதனை

குளக்கரையில் குஞ்சுகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அமாவாசை தவறாமல் காவல்கார நாய் வாசலில் நின்று, ஒவ்வொரு ஆசிரியரின் வாயையும் மோந்து பார்த்த பிறகுதான் உள்ளே விடும். நீச்சல் சொல்லிக்கொடுக்கும் வாத்து டீச்சருக்கு அது பெரிய அவமானம்.

"சேரும்போதே பார்த்தாச்சே. மறுபடி மறுபடி என்னத்துக்கு? நான் என்ன திருடியா?" என்று முணுமுணுத்துக்கொண்டே அலகைத் திறந்தது.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர், எல்லாருக்கும்தான்" என்றது நாய்.

அடுத்து நின்றது பாட்டு வாத்தியார் பூனை. சேர்ந்த நாளில் அதன் வாயில் பால் வாசனை மட்டும்தான் இருந்தது. இன்று நாய் மோந்து பார்த்துவிட்டு வழியை விடவில்லை. பூனையின் கடைவாயில் ஒரு குருவி இறகு ஒட்டிக்கொண்டிருந்தது. பூனை வந்த வழியே திரும்பிப் போனது.

வாத்து பாட்டு வகுப்பை எட்டிப் பார்த்தது. அதன் கடைக்குட்டி பாட்டு வகுப்பில் முன்வரிசையில்தான் உட்காரும்.

அடுத்த அமாவாசைக்கு வாத்து முதல் ஆளாக வந்து அலகை அகலத் திறந்தது.

"நல்லா பாருங்கண்ணே. உங்க புண்ணியத்துல என் பிள்ளை இன்னும் பாடிட்டிருக்கு."

நாய் அதன் முன்னால் உட்கார்ந்து தன் வாயைத் திறந்தது.

"என்னை இதுவரைக்கும் யாருமே பார்த்ததில்லை டீச்சர். முதல்ல நீங்க பாருங்க."