அறுபத்து மூன்றாம் பக்கம்

தபால்காரர் மருதமுத்துவின் மிதிவண்டி மணி காஜா பெராங் சாலைத் திருப்பத்தில் ஒலித்ததும், கமலவேணியின் கையிலிருந்த அகப்பை நழுவிக் குழம்புச் சட்டிக்குள் விழுந்தது.

"பரீட்சை எழுதுனது நானா, நீயா?" என்று கூடத்திலிருந்து கேட்டுச் சிரித்தார் அவள் கணவர் ராஜரத்தினம்.

அவள் அகப்பையை அப்படியே விட்டுவிட்டுக் கூடத்துக் கதவருகே வந்தாள்.

அவர் ஐந்து ஆண்டுகள் சிங்கப்பூரில் தங்கிக் குவாண்டம் இயற்பியலில் ஆய்வு செய்தவர். ஆய்வேடு இங்கிலாந்திலிருந்த தேர்வாளருக்குப் போய் நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. தேர்வாளர் ஏற்றுக்கொண்டால் முனைவர் பட்டம். பட்டம் கிடைத்தால் கோலாலம்பூரில் விரிவுரையாளர் பதவி. ஏற்காவிட்டால், நாடு சுதந்திரம் பெற்று மூன்று வாரங்கள் ஆன பின்னும், அந்த நாற்காலியில் மீண்டும் ஒரு வெள்ளைக்காரரே வந்து அமர்வார்.

தெங்கேராத் தெருவில் கட்டிய சுதந்திரத் தோரணங்கள் மழையில் சாயம்போய் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. இந்த வீட்டில் அதற்குள் நான்கு மாதத் தூக்கம் தொலைந்திருந்தது. அதுவும் அவருடைய தூக்கம் அன்று, அவளுடையது.

வேலிக்கு அப்பாலிருந்து எட்டிப் பார்த்தாள் அடுத்த வீட்டு மீனாச்சி. பல தலைமுறைகளுக்கு முன்பே இங்கு குடியேறி மலாய்க்காரரோடு கலந்துவிட்ட செட்டிக் குடும்பத்துப் பெண். பெயரில் மட்டுமே தமிழ், பேச்செல்லாம் மலாய். "சூராட் சுடா சம்பாய்?" என்றாள். கடிதம் வந்துவிட்டதா என்று தெருவே கேட்கத் தொடங்கிப் பல நாள்கள் ஆகியிருந்தன.

வந்துவிட்டது. நீல உறை. ராஜரத்தினம் அதை வாங்கி, மேசைமேல் வைத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

ஆய்வேட்டில் அவர் தமக்கென வைத்துக்கொண்ட படியும் அதே மேசையில்தான் இருந்தது. தட்டச்சுப் பொறியில் சமன்பாடுகளுக்குரிய குறிகள் கிடையா. ஆதலால் தட்டச்சர் சமன்பாடு வரும் இடங்களையெல்லாம் வெற்றிடமாக விட்டு, நான்கு படிகள் அடித்துக் கொடுத்தார். நான்கிலும் பேனாவால் சமன்பாடுகளை நிரப்பியவள் கமலவேணி. ராஜரத்தினம் நோட்டுப் புத்தகத்தில் கிறுக்கிய சமன்பாடுகளை அவரையும் அவளையும் தவிர ஒருவராலும் படிக்க இயலாது. அவளோ மகளிர் பள்ளியில் கணக்கு ஆசிரியை, கரும்பலகையில் முத்துக் கோத்தாற்போல எழுதுபவள்.

நிரப்பியதை அவர் ஒருமுறையேனும் புரட்டிப் பார்த்தாரா என்றால், இல்லை. நேராகக் கையொப்பம் இட்டார். மெத்தப் படித்தவர்களுக்கே வாய்க்கும் சோம்பல் அது.

எப்போதோ ஒருநாள், காப்பி குடித்துக்கொண்டே, இரண்டு குவளைகளை இடம் மாற்றி வைத்து அவளுக்குத் தம் ஆய்வை விளக்கியிருந்தார். "இது ஒரு எலக்ட்ரான், அது ஒரு எலக்ட்ரான். ரெண்டும் இடம் மாறினா முன்னால ஒரு கழித்தல் குறி வந்துடும். உங்க பள்ளிக்கூடக் கணக்கு மாதிரி இல்ல கமலா, இது வேற உலகம்."

அவர் உறையைப் பிரித்தார்.

முதல் தாளைப் படித்தார். அடுத்த தாளைப் படித்தார். அவருடைய உதடுகள் அசைவதையே அவள் கதவைப் பற்றியபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏத்துக்கிட்டாரு" என்றார் மெதுவாக. பிறகு குரல் உயர்ந்தது. "திருத்தமே வேணாங்கிறாரு! அறுபத்து மூணாம் பக்கத்துக்குத் தனிப் பாராட்டு வேற. எலக்ட்ரான்கள் இடம் மாறும்போது குறியைத் தவறவிடாத கவனம், பழுத்தவங்களே வழுக்கி விழுற இடம்னு எழுதியிருக்காரு, கேட்டியா?"

கமலவேணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான்கு மாதங்களாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த அம்மிக்கல் இறங்கிற்று. கண்ணீர் வந்தது; துடைக்கத் தோன்றவில்லை.

ராஜரத்தினத்தின் கால் நிலத்தில் பாவவில்லை. பாராட்டுப் பெற்ற அந்த வரியைத் தம் கையெழுத்திலேயே பார்க்க வேண்டும் என்று பெட்டியைத் திறந்து மூல நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். விரலால் வரிகளைத் தொட்டுக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நின்றார்.

நோட்டுப் புத்தகத்தில் எலக்ட்ரான்கள் இடம் மாறியிருந்தன. கழித்தல் குறி இல்லை.

மேசையிலிருந்த படியைத் திறந்தார். அறுபத்து மூன்றாம் பக்கத்தில், முத்துக் கோத்த கையெழுத்தில், கழித்தல் குறி இருந்தது.

குழம்பு அடிபிடிக்கும் வாடை வந்தது. இருவரும் எழவில்லை.

"நீங்கதானேங்க குவளையை மாத்தி வச்சுச் சொன்னீங்க" என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி. "இடம் மாறியிருந்துச்சு, குறியைக் காணோம். போட்டாத்தான் அடுத்த வரி சரியா வந்துச்சு. போட்டுட்டேன். அப்புறந்தான் பயம். ஒருவேளை உங்க உலகத்துல அது தப்போ, உங்க அஞ்சு வருசத்தை நானே கெடுத்துட்டேனோன்னு..."

அவர் படியையும் நோட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

"இது ஒண்ணுதானா?"

"இதோட ஏழுங்க."

ராஜரத்தினம் கடிதத்தை மறுபடி எடுத்து முதல் வரியிலிருந்து படித்தார். வேறொருவர் பெயருக்கு வந்ததைப் படிப்பவர்போலப் படித்தார். மடித்து உறைக்குள் இட்டார். பிறகு, பதவியை ஏற்பதாகத் தந்தி கொடுக்கச் சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டார்.

வாசற்படியில் செருப்பைத் தேடியவர் திரும்பிப் பார்த்தார்.

"கோலாலம்பூருக்குச் சாமான் கட்டும்போது, பிள்ளைங்க நோட்டுத் திருத்துவியே, அந்தச் சிவப்புப் பென்சில், அதை மறக்காம முதல்ல எடுத்து வை."