முக்கால் மணி நேரம் தாமதம்

“டோக்கனை வீட்லயே மறந்து வச்சிட்டு வந்துட்டேன்” என்றாள் டெய்லரம்மா.

பிளாட்பாரத்தில் இருந்த அத்தனை பேரும் அவளையே பார்த்தார்கள். எஞ்சின் புகை விட்டபடி கிளம்பத் தயாராக நின்றது. இரண்டு பெட்டி நிறையக் குழந்தைகள். வருஷத்துக்கு ஒரு தடவை வரும் பாதுகாப்பு அதிகாரி, மடியில் ஃபைலோடு முதல் பெட்டியில் உட்கார்ந்திருந்தார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருஷமும் வண்டி ஓடும்.

மூடிப்போன சுண்ணாம்புக்கல் ஆலையின் குட்டி ரயில் அது. கல் சுமந்த பாதையில் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மனிதர்களை ஏற்றி ஓட்டுகிறார்கள். ஓட்டுகிறவர், கரி போடுகிறவர், டிக்கெட் கிழிக்கிறவர் எல்லோருமே சம்பளம் வாங்காத ஆட்கள். பாதை ஒற்றைப் பாதை. அதற்கு ஒரே ஒரு டோக்கன், உள்ளங்கை அகலப் பித்தளை வில்லை. அது டிரைவர் கைக்கு வராமல் வண்டி ஓர் அடி நகரக் கூடாது. அதைப் பத்திரமாக வைத்திருந்து கொடுப்பதுதான் சிக்னல் அறையில் டெய்லரம்மாவின் வேலை.

“மறந்துட்டீங்களா? இருக்கிறதே அந்த ஒரு வேலை” என்றார் கறார்.

அது பட்டப்பெயர். வாரநாளில் லிஃப்ட் மெக்கானிக், ஞாயிறன்று தண்டவாளத்துக்குப் பொறுப்பு. பதினொரு வருஷத்தில் ஒரு நட்டைக்கூடக் கோட்டை விட்டதில்லை என்று அவர் சொல்லிச் சொல்லி மற்றவர்களுக்கு அது மனப்பாடம். அன்று காலையிலிருந்தே அவர் கடுப்பில் இருந்தார். கைப்பிடியில் சிவப்பு பெயின்ட் அடித்த அவருடைய பெரிய ஸ்பானரைக் காணோம். “நேத்து சாயந்திரம் வரைக்கும் இருந்துச்சு, எவன் சுட்டான்?” என்று பிளாட்பாரத்தையே ரெண்டு பண்ணிக்கொண்டிருந்தவருக்கு இப்போது திட்ட ஓர் ஆள் கிடைத்தது.

“சைக்கிள்ல போய் எடுத்துட்டு வந்துடறேன் அண்ணே” என்று சொல்லிவிட்டு, தண்டவாளத்து ஓரமாகவே அவள் மிதித்துக்கொண்டு போனாள்.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. குழந்தைகள் சிணுங்க ஆரம்பித்தன. ரயில் சங்கத்தின் செயலாளரான ரிட்டயர்டு கணக்கு டீச்சர் அதிகாரிக்கு இரண்டாவது டீயும் கொடுத்துவிட்டு மூன்றாவதுக்குச் சொல்லி அனுப்பினார். அதிகாரி வாட்சைப் பார்க்கும்போதெல்லாம் கறார் பாதையை எட்டிப் பார்த்தார்.

டெய்லரம்மா வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தாள். இரண்டு கையிலும் கறுப்பாக கிரீஸ்.

“வழியில செயின் கழண்டுடுச்சு.”

“மறதிக்கு ஒரு சாக்கு, லேட்டுக்கு ஒரு சாக்கு” என்றார் கறார்.

வண்டி கிளம்பியது. ஓடைப் பாலத்தைத் தடதடவென்று தாண்டி, குவாரி வரைக்கும் போய்த் திரும்பியது. அதிகாரி கையெழுத்துப் போட்டார். “பாதை நல்லா இருக்கு. இந்தத் தாமதம்தான் நல்லா இல்லை” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

உடனே கூட்டம் கூட்டினார்கள். கறார் எழுதியே கொண்டுவந்துவிட்டார். “கவனக்குறைவு காரணமாகக் கீழ்க்கண்டவரைப் பொறுப்பிலிருந்து நீக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.” கீழே டெய்லரம்மாவின் பெயர்.

“ரெண்டு வருஷம் காத்திருந்து அவங்க ஆசையா வாங்கின வேலைங்க. வண்டிக்குக் காட்டற கொடிகூட அவங்க தைச்சதுதான்” என்றார் டீச்சர்.

“ரயில்ல முகம் பார்க்கக் கூடாது டீச்சர். இன்னைக்கு டோக்கன் போச்சு. நாளைக்கு உயிர் போகும்.”

“நீங்க என்னம்மா சொல்றீங்க?”

“என் தப்புதான் டீச்சர்.”

சிக்னல் அறைச் சாவியை மேஜைமேல் வைத்தாள். வைத்த பிறகும் கை கொஞ்ச நேரம் அதன்மேலேயே இருந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

நியாயம் ஜெயித்த திருப்தியோடு கறார் வெளியே வந்தபோது, அவள் சைக்கிளைப் பிடித்தபடி அவருக்காகவே காத்திருந்தாள்.

“ஒரு நிமிஷம் அண்ணே.”

கூடையிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். பிரித்தார். சிவப்புக் கைப்பிடி ஸ்பானர்.

“இது எங்க கிடைச்சுது?”

“ஓடைப் பாலத்துல. காலையில வரும்போதே பார்த்தேன். நீங்க பக்கத்துல எங்கயோ வேலை பார்க்கறீங்கன்னு நினைச்சுக்கிட்டு வந்துட்டேன். பிளாட்பாரத்துல நீங்க இதைத் தேடினப்பதான் எனக்குத் திக்குன்னுச்சு. ஸ்பானர் அங்க கிடக்குன்னா, வேலையும் அங்க பாதியில கிடக்குதோன்னு.”

கறாருக்கு நேற்றுச் சாயந்திரம் அப்படியே கண்முன் வந்தது. பாலத்தில் புது போல்ட் மாட்டிக்கொண்டிருந்தபோது மகளிடமிருந்து ஃபோன், வேலை கிடைத்துவிட்டது என்று. பேசிக்கொண்டே எழுந்தவர், பேசிக்கொண்டே வீடு வரைக்கும் நடந்துவிட்டார்.

“நாலு போல்ட்டும் கையாலதான் திருகியிருந்துது அண்ணே. ஸ்பானர்மேல ஏறி நின்னு முடுக்கினேன். ஆட்டிப் பார்த்தேன், அசையலை. எதுக்கும் நீங்க ஒரு தடவை பார்த்துடுங்க.”

கறார் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“வண்டி நிறையக் குழந்தைங்க... அங்கயே சொல்லியிருக்கலாமேம்மா.”

“அந்த ஆபீசர் முன்னாடியா? உங்க பேரையும் எழுதிட்டு ரயிலையும் மூடிட்டுப் போயிருப்பார். கொடி காட்ட வேற ஆள் கிடைக்கும். தண்டவாளத்துக்கு உங்களை விட்டா யார் இருக்கா?”

“அப்போ, வீட்ல மறந்து வச்ச டோக்கன்?”

“அது காலையிலேர்ந்து என் பையிலதான் இருந்துச்சு.”

கறார் உள்ளே திரும்பினார். டீச்சர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்திருந்தார். அந்தத் தாளை இழுத்து, டெய்லரம்மாவின் பெயரை அடித்துவிட்டு, அதே இடத்தில் தன் பெயரை எழுதிக் கொடுத்தார்.